விரல் வைக்கிற இடம்

பாப்பா,

பரீட்சை எழுதத் தாள் இல்லை என்று கொழும்புப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பரீட்சையை நிறுத்திய வருஷம்தான், நீ பேனா செய்யப் போகிறேன் என்று வந்து நின்றாய். எனக்கு வருஷத்தின் எண் மனதில் நிற்பதில்லை, நடந்தது நிற்கும். உரம் வராமல் தேயிலை மஞ்சளடித்துப் போனதற்கு அடுத்த வருஷம் அது. அட்டன் டவுனில் காஸ் சிலிண்டர்களை வரிசையாக வைத்து, சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போன வருஷம். நாட்டை ஆண்டவர் பிளேன் ஏறிப் போய்விட்டார் என்று எங்கள் வரிசை வீட்டு லயமே ஒரு போனைச் சுற்றி நின்று பார்த்த வருஷம். மொரட்டுவையில் நீ வேலை செய்த பரிசுப் பொருள் பட்டறையும் அப்போதுதான் மூடியது. நீ சேர்த்து வைத்திருந்த காசில் ஒரு சின்ன லேத் மெஷினை வாங்கி, அரிசிச் சாக்கில் சுற்றி, ரயில் கோச்சியில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாய். பக்கத்தில் இருந்தவர், “தையல் மெஷினா தங்கச்சி?” என்று கேட்டாராம். விளக்கம் சொல்ல அலுத்துப்போய் நீயும் ஆமாம் என்றாயாம். நான் வாசலில் நின்று, “தாளே இல்லாத நாட்டுல பேனாவா?” என்று கேட்டேன். நீ சாக்கை அவிழ்த்துக்கொண்டே, “தாள் வரும்ப்பா. வர்றப்ப பேனா இருக்கணும்ல?” என்றாய். அந்தப் பதிலைத்தான் இப்போது உனக்கே திருப்பித் தரப் போகிறேன்.

நான் வாயால் சொல்ல, மாப்பிள்ளை எழுதுகிறார். நீ டயகமவுக்கு என் தங்கச்சி வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறாய். அந்த இடைவெளியில் அவரை ராகலையிலிருந்து வரச் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர், மற்றவர்கள் கடிதத்தைச் சுமந்தே பழகியவர், இன்றைக்கு ஒன்றை எழுதட்டும். நான் பேசுகிறபடியே போட்டால் சிரிப்பாய் என்று அவரே அதைப் புத்தகத் தமிழில் திருத்திப் போடுகிறார். முகத்தைப் பார்த்து உன்னிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லிக்கொண்டே அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்க்கப் போய்விடுவாய். கடிதத்தை விட்டுவிட்டு எங்கே போவாய்?

சொல்ல வந்தது ஒன்றுதான். தை மாதம் கல்யாணம் முடிந்து ராகலைக்குப் போகும்போது அந்த மெஷினை நீ உன்னோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். இடம் கிடைக்கும், கிடைக்கும்போது மெஷின் இருக்க வேண்டுமல்லவா?

பரிசம் போட்ட அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. சம்பந்தி அம்மா நல்ல மனுஷி. உள் காம்பராவில் சாமிப் படத்தின் மேல்கூட மரத்தூள் படிந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: “கல்யாணத்துக்கு அப்புறம் இந்தத் தூசியெல்லாம் எதுக்கும்மா? வீட்டுல புள்ள குட்டின்னு வந்துட்டா மூச்சுக்கு ஆகாது.” அதற்கு நீ யோசிக்கக்கூட இல்லை. “மெஷின அப்பாகிட்டயே விட்டுட்டு வர்றேன் அத்தை. அவருக்கும் பொழுது போகணும்ல” என்றாய். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் உன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை மேல் கிடந்த பேனாவில் மணி மணியாகக் கடைந்த புடைப்புகளை அது ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தது, கீறல் எங்கே என்று தேடுகிற மாதிரி.

மாப்பிள்ளை இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரலை உதறிக்கொள்கிறார். “மாமா, இந்தப் பேனா கடிக்குது” என்கிறார். கடிக்கட்டும் என்றேன். எந்தப் பேனாவை அவர் கையில் கொடுத்திருக்கிறேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அதன் கதையை அவரும் கேட்க வேண்டும்.

நீ வந்த புதிதில் என்னை உளியைத் தொட விட்டதில்லை. “நீங்க மெருகு மட்டும் போடுங்கப்பா” என்பாய். நியாயம்தான். மலையில் பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைத் தூர்களை விறகுக்காரர்களுக்கு முந்திக்கொண்டு பொறுக்கி வருவது, காய வைப்பது, நீ கடைந்து கொடுத்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, எல்லாம் என் வேலை. கடைசியில் மெஷின் சுற்றும்போதே அந்தக் கட்டையிலிருந்து விழுந்த சுருளை ஒரு பிடி அள்ளி அதன் மேலேயே அழுத்துவேன். தேயிலைக் கட்டைக்கு அதன் சுருளை விட நல்ல மெருகுத் துணி கிடையாது. மணிக்கும் மணிக்கும் நடுவே மெல்லிய கம்பியை வைத்து இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தால், புகைந்து ஒரு கறுப்புக் கோடு விழும். அந்தப் புகை வாசனைக்காகவே கோடு போடலாமா என்று உன்னைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். “போதும்ப்பா, பேனா வரிக்குதிர மாதிரி ஆயிடும்” என்பாய்.

அப்புறம் நுவரெலியா ஹோட்டல்காரர் தன் அறைகளின் மேசைகளில் வைக்க நம்மிடம் பேனா கேட்டார். உன் முதல் பெரிய வேலை. எல்லாவற்றையும் மொட்டையாகக் கடைந்து வைத்துவிட்டு, உள்ளே போடும் மை குச்சிகளை வாங்க நீ அட்டனுக்கு பஸ் ஏறினாய். நான் தனியாக இருந்தேன். பேனாக்கள் மொட்டையாகக் கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றை மெஷினில் மாட்டி, உன் சின்ன உளியை எடுத்து, கீழ்ப்பாகத்தில் வரிசையாக மூன்று மணி உருட்டினேன். என் கை எனக்கே அதிசயமாக இருந்தது. பள்ளம் ஆழமாக, மணி உருண்டையாக, நெல்லிக்காயை நறுக்கி அடுக்கிய மாதிரி வந்தது. ஒன்றோடு நிறுத்துகிற ஆளா நான்? நீ வருவதற்குள் அத்தனையையும் முடித்துவிட்டேன்.

நீ பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. ஒன்றை எடுத்தாய். இன்னொன்றை எடுத்தாய். எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாய்.

“அப்பா.”

“எப்படி இருக்கு? நல்லா இல்ல?”

“நல்லா இருக்கு. ஆனா இங்கதானேப்பா வெரல் வைக்கணும்.”

“எங்க?”

“எழுதறப்போ. இந்த எடத்துலதான் புடிப்பாங்க. மணி குத்துமே.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ என் கையைப் பிடித்து, பேனாவை அதில் சொருகி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி வைத்தாய். மூன்று மணியும் மூன்று விரலில் ஏறி உட்கார்ந்தன. அதுவரை நான் பேனாவை மெருகு போடுகிற கட்டையாகத்தான் பிடித்திருக்கிறேனே தவிர, எழுதுகிற மாதிரி பிடித்ததே இல்லை. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கட்டை விரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு வருகிறவன். பேனா என்றால் எனக்கு, வேலைக்குப் பேர் பதிகிற கண்டாக்கையாவின் கையிலும் ஆபீஸ் கிளாக்கரையாவின் கையிலும் ஓடுவது. எழுதத் தெரியாதவன் எதிரே நிற்கும்போது எங்கே பார்ப்பான் சொல்? முனையைத்தான் பார்ப்பான். என் பேரைத்தான் எழுதுகிறாரா, வெட்டுகிறாரா என்று. ஆயுசு முழுக்க நான் பார்த்து நின்ற இடம் பேனாவின் கீழ்ப்பாகம்தான். அழகு அங்கே இருந்தால்தானே எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன். எதிரே நிற்கிறவனுக்காகக் கடைந்துவிட்டேன், பிடிக்கிறவனை மறந்துவிட்டேன்.

நீ திட்டுவாய் என்று பார்த்தேன். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுருள் குவியலிலேயே உட்கார்ந்து சிரித்தாய். “ஹோட்டலுக்கு வர்றவங்க எல்லாம் கைய உதறிக்கிட்டே எழுதப் போறாங்க!” என்றாய். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளே பயம். உன் முதல் பேரை நான் கெடுத்துவிட்டேன் என்று. மறுபடி கடைய வேறு கட்டை காயவில்லை. சொன்ன நாளோ கிட்டே வந்துவிட்டது.

அப்போது நீ செய்ததைத்தான் நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டும், ஏனென்றால் செய்தவர்கள் மறந்துவிடுவார்கள். மணியை எடுக்க வேண்டுமென்றால் பள்ளத்தின் ஆழம் வரைக்கும் கடைந்தாக வேண்டும். அதற்கு மேலே போனால் உள்ளே இருக்கிற பித்தளைக் குழாய் பல்லைக் காட்டிவிடும். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கடைவதும், நிறுத்தித் தடவிப் பார்ப்பதும், மறுபடி கடைவதுமாக இறக்கினாய். மணி போன இடம் மெலிந்து ஓர் இடுப்பு மாதிரி உள்வாங்கிக்கொண்டது. அதற்கு மேலே, கை படாத இடத்தில், ஒரே ஒரு மணியும் இரண்டு கறுப்புக் கோடும் வைத்தாய். ஹோட்டல்காரர் ஒன்றைக் கையில் எடுத்ததும் விரல்கள் தாமாகவே அந்த இடுப்புக்குப் போய்விட்டன. “இந்த வளைவை யார் யோசித்தது?” என்று கேட்டாராம். நீ, “எங்க அப்பா” என்று சொன்னாயாம். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. இன்றைக்கு உன் பேனா என்றால் அந்த இடுப்புதான். கடையில் ஆயிரம் பேனாவோடு கலந்து போட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவேன்.

ஒன்றை மட்டும் திருத்தாமல் விட்டுவிடச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அதுதான் இப்போது மாப்பிள்ளையைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது, உனக்குத் தெரியும். போகிற இடமெல்லாம் ஜனங்களின் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டில் சீட்டுக் கிழிக்கிறவர், மருந்துக் கடைக்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சிலர் பேனாவைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறார்கள். சிலர் பூவைப் பிடிக்கிற மாதிரி. அதிகம் எழுதுகிறவர்களுக்கு நடுவிரலின் பக்கத்தில் ஒரு காய்ப்பு இருக்கிறது. மாப்பிள்ளை உன்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் முதலில் பார்த்தது அந்தக் காய்ப்பைத்தான். “மாமா, இத எல்லாம் எழுதணுமா?” என்று கேட்கிறார். எழுதுங்க என்றேன். காது சிவந்துவிட்டது அவருக்கு. அதையும் எழுதச் சொன்னேன்.

இனி பரிசம் போட்ட நாளுக்கு வருகிறேன். மெருகு போடுகிறவன் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பான். கீறல் இருக்கும்போதே மேலே பளபளப்பை ஏற்றினால், அந்தக் கீறல் மறையாது, இன்னும் எடுத்துக் காட்டும். முரட்டுத் தாளால் தேய்த்து, நைசுத் தாளால் தேய்த்து, மெஷினை நிறுத்தி நீளவாக்கிலும் தேய்த்து, கீறல் முழுக்கப் போன பிறகுதான் மெருகு. இதை நீதான் எனக்கு முதல் வாரமே சொன்னாய். நான் அவசரப்பட்டு அரக்கைத் தேய்த்தபோது, “உள்ள கீறல் இருக்குப்பா, வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க” என்று முழுசாக உரிக்க வைத்தாய். அப்படிப்பட்ட நீ, அத்தை ஒரு வார்த்தை கேட்டதும் உடனே மெருகு போட்டுவிட்டாய். எனக்கு வேலை பிடிக்கும், எனக்கு இது வேண்டும் என்ற கீறலை அப்படியே உள்ளே வைத்து, மேலே “அப்பாவுக்குப் பொழுது போகணும்” என்று பளபளப்பு ஏற்றினாய். இன்றைக்குத் தெரியாது. வெளிச்சம் விழுகிற ஒரு நாள் தெரியும். அன்றைக்கு உரிக்க வலிக்கும். அதனால் முரட்டுத் தாளை இப்போதே எடு. அத்தையிடம் போய், எனக்கு இந்த மெஷின் வேண்டும், தூசிக்கு என்ன வழி என்று சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லிவிடு. அவர் கேட்டதும் நியாயமான கேள்விதானே, மூச்சைப் பற்றித்தானே கேட்டார். பதில் சொன்னால் கேட்டுக்கொள்கிற மனுஷி.

இதை ஒரு வார்த்தை விடாமல் மாப்பிள்ளை எழுதி முடித்தார். அப்புறம் தலையைத் தூக்காமலே, “வீட்டுக்குப் பின்னால மாட்டுக் கொட்டில் சும்மாதான் கெடக்கு மாமா. மாடு வித்து ரொம்ப நாளாச்சு” என்றார்.

“கூரை ஒழுகுமா?”

“ஒரு பக்கம் ஒழுகும். தகரம் போட்டுரலாம்.”

“கரண்டு?”

“வீட்டுலேருந்து இழுத்துக்கலாம். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“நீங்க பேச வேணாம். அவளே பேசட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்.”

“நிக்கிறேன் மாமா. இந்தப் பேனாவ மட்டும் மாத்திக் குடுங்க.”

“அது முடியாது” என்றேன். சிரித்துவிட்டு மறுபடி குனிந்துவிட்டார். இத்தனை பக்கமாக விரலை உதறி உதறி எழுதுகிறார், எழுந்து போகவில்லை. மாட்டுக் கொட்டிலைப் பற்றி நான் சொல்லி எழுதினதாக நினைக்காதே. அவர் வாயிலிருந்து வந்தது, அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். தபால்காரர் எழுதிக் கொடுத்ததை அப்புறம் இல்லை என்று சொல்ல முடியாது.

உன் மனதில் மிச்சம் இருக்கிற கீறல் எது என்று எனக்குத் தெரியும். உன் அம்மா போன பிறகு நானும் நீயும் மட்டும் இருந்த காம்பரா இது. மெஷினும் போய்விட்டால் அப்பா எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறாய். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு நான் வேலைக்குப் போன காலத்தை உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன். தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போன வருஷம் அது. பாணுக்கு வரிசையில் நின்று பட்டினி கிடந்ததற்குப் பின்னால் வந்த வருஷம். உன் பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குக் கோச்சி ஏறிய வருஷமும் அதுதான். இலை அரைக்கிற மெஷின்களின் மர வேலைக்கு மாத்தளைப் பக்கத்திலிருந்து ஒரு தச்சர் வந்திருந்தார், பாஸ் என்போம். சிங்கள மனுஷர், என்னை விடக் கொஞ்சம் மூத்தவர். துரையின் பிரிவு உபசாரத்துக்கு ஒரு கைத்தடி கடைந்தார். தடி சுற்றும்போது அரக்குக் குச்சியை அதன் மேல் வைத்தால் சூட்டில் உருகி ஒட்டும். காய்ந்த பனையோலைத் துண்டை வைத்து அதைப் பரப்ப வேண்டும். அந்த ஓலையைப் பிடித்தவன் நான். கை நடுங்கினால், “அவசரம் வேணாம் மல்லி, மரம் எங்கயும் ஓடாது” என்பார். மல்லி என்றால் அவர் பாஷையில் தம்பி. கைப்பிடிக்குக் கீழே அதே மரத்திலிருந்து, ஒட்டு இல்லாமல், கழன்று சுற்றுகிற ஒரு வளையம் கடைந்திருந்தார். துரை அதைச் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டே காரில் ஏறினார்.

தமிழருக்கு எதிரான கலவர வருஷத்தில், ஊரெல்லாம் எரிகிறது என்று நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது, அந்த பாஸ் எங்கள் லயத்து முகப்பில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, உளியும் கையுமாக ஒரு கட்டையைச் சீவிக்கொண்டே இருந்தார். ஒருவரோடும் பேசவில்லை. என்ன செய்கிறார் என்றும் நாங்கள் கேட்கவில்லை. அவரைத் தாண்டி எங்கள் லயத்துப் பக்கம் யாரும் வரவில்லை. கடைசியில் பார்த்தால் அது ஒரு சப்பாத்திக் கட்டை. உன் அம்மா கடைசிவரை ரொட்டி தேய்த்தது அதை வைத்துத்தான். பிறகு பாஸை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆளைப் பற்றித் தகவலே இல்லாமல் போயிற்று.

போன தடவை மாப்பிள்ளை வந்தபோது பேச்சுவாக்கில் இவரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டு போனார். இன்றைக்கு வந்ததும் வராததுமாகச் செய்தி சொல்கிறார். இறம்பொடையில் கடிதம் கொண்டு போகிற தன் சிநேகிதரிடம் கேட்டு, அவர் வீடு வீடாகக் கேட்டு, கண்டுபிடித்துவிட்டார்கள். பாஸ் இறம்பொடைக்குக் கீழே தன் மகள் வீட்டில் இருக்கிறாராம். பார்வை மங்கிவிட்டதாம். ஆனாலும் கையால் வில்லை இழுத்துச் சுற்றுகிற பழைய கடைசல் மெஷின் ஒன்றை வாசலில் போட்டு வைத்திருக்கிறாராம். அரக்கு வைக்க முடிகிறது, ஓலை பிடிக்கத்தான் ஆள் இல்லை என்றாராம். என் பேரைச் சொன்னதும், “அந்த கை நடுங்குற மல்லியா? வரச் சொல்லுங்க” என்றாராம்.

ஆகவே நான் சும்மா உட்கார்ந்திருக்கப் போவதில்லை. உன்னைப் பார்க்க நுவரெலியாவுக்கு வந்துதான் ராகலை பஸ் பிடிக்க வேண்டும். அதே ஸ்டாண்டிலிருந்துதான் இறம்பொடைக்கும் பஸ். ஒரு பயணத்தில் இரண்டு பட்டறையையும் பார்த்துவிடுவேன். உன் கொட்டிலில் சுருளால் மெருகு, அங்கே ஓலையால் மெருகு. கழன்று சுற்றுகிற வளையத்தை எப்படிக் கடைவது என்று பாஸிடம் கேட்டு வந்து சொல்கிறேன். பேனாவின் தலையில் ஒன்று போடலாம். விரல் வைக்கிற இடத்தில் போட மாட்டேன், பயப்படாதே.

அந்த வருஷம் அந்த ஸ்டோரில் வேலை பார்த்தவர்களை நேற்று உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். டீமேக்கரையா போய்விட்டார். மெஷின் ஓட்டிய அந்தோணி போய்விட்டான். கொழுந்தை எடை போட்ட மூக்கன், சலிக்கிற அறையில் இருந்த உன் அம்மா, எல்லாரும் போய்விட்டார்கள். என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான், ஓலை பிடிக்க என்னைக் கூப்பிட்ட குணதாச பாஸ்.